பிள்ளை யாரிடம் வளர்வது? நீதிமன்ற உத்தரவை மாற்றக் கேட்பது பற்றி ஒரு விளக்கம்

தலாக் ஆகிவிட்டது, அல்லது குல்உ ஆகிவிட்டது. இத்தா முடிந்தது, மஹர் கணக்கு முடிந்தது, சீர் சாமான்கள் திரும்பப் போய்விட்டன. கணவன் மனைவி என்ற உறவு அத்தோடு முடிகிறது. ஆனால் அத்தா, அம்மா என்ற உறவு முடிவதில்லை. பிள்ளை வளர்ந்துகொண்டே இருக்கிறது. நான்கு வயதில் அதற்குத் தேவைப்பட்டது வேறு, பத்து வயதில் தேவைப்படுவது வேறு. நான்கு வயதுப் பிள்ளையை மனதில் வைத்து நீதிமன்றம் போட்ட உத்தரவு மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்த இடத்தில்தான் நம் குடும்பங்கள் இரண்டு விதமாகத் தவறுகின்றன. சிலர், "தீர்ப்பு வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒடுங்கிவிடுகிறார்கள். சிலர், "என் பிள்ளைக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?" என்று பள்ளிக்கூட வாசலிலிருந்தே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். முதல் கூட்டம் தங்களுக்கு இருக்கும் வழியை அறியாதது. இரண்டாம் கூட்டம் அந்த வழியைத் தாங்களே அடைத்துக்கொள்கிறது. பிள்ளை பற்றிய உத்தரவு மாற்ற முடியாத உத்தரவு அல்ல. ஆனால் அதை மாற்ற வேண்டியது நீதிமன்றம்; நாம் அல்ல. மாற்றத்துக்குக் காரணமாக இருக்க வேண்டியது பிள்ளையின் நலன். நம் கோபம் அல்ல. இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றவை இதன் விளக்கம்.

ஷரீஅத் என்ன சொல்கிறது?

மார்க்கச் சட்டத்தில் இரண்டு வேறு வேறு பொறுப்புகள் உண்டு. ஒன்று ஹளானத், பிள்ளையை உடன் வைத்து, ஊட்டி, குளிப்பாட்டி, தூங்கவைத்து வளர்க்கும் பொறுப்பு. மற்றொன்று விலாயத், பிள்ளையின் சொத்து, கல்வி, திருமணம் போன்றவற்றுக்குப் பொறுப்பாளியாக இருப்பது. சிறு வயதில் ஹளானத்துக்கு முதல் உரிமை தாய்க்கு. விலாயத்தும் செலவும் தந்தை மீது. "நான்தான் வலி, ஆகவே பிள்ளை என் வீட்டில்தான் இருக்க வேண்டும்" என்று தந்தை சொல்வது இந்த இரண்டையும் கலந்துவிடுவதால் வரும் பேச்சு.

எந்த வயது வரை தாயிடம்? நம் தமிழகத்திலேயே இரண்டு மத்ஹபினர் இருக்கிறோம். ராவுத்தர்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளை ஏழு வயது வரையிலும், பெண் பிள்ளை பருவமடையும் வரையிலும் தாயிடம். பெண்ணுக்கு ஒன்பது வயது என்று வரையறுத்த அறிஞர்களும் அந்த மத்ஹபில் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பரவலாக உள்ள ஷாஃபிஈ மத்ஹபில், நல்லது கெட்டது பிரித்தறியும் வயது, அதாவது ஏறக்குறைய ஏழு வயது வரை தாயிடம். அதற்குப் பிறகு பிள்ளையிடமே கேட்கப்படும். ஆண் பிள்ளை தாயைத் தேர்ந்தெடுத்தால் இரவில் தாயிடமும், பகலில் ஓதவும் தொழில் பழகவும் தந்தையின் பொறுப்பிலும் இருப்பான் என்றும் அந்த மத்ஹபில் சொல்லப்பட்டுள்ளது. இன்று நாம் பெரிதாகப் பேசும் "இருவரின் பங்களிப்பு" என்பது அன்றே ஃபிக்ஹில் இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹளானத் ஒருமுறை முடிவானால் மாறவே மாறாது என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. தாய் பிள்ளைக்கு மஹ்ரம் அல்லாத ஒருவரை மணந்தால் அந்த உரிமை விழும் என்று சொன்ன ஹனஃபி அறிஞர்களே, அந்தத் திருமணம் முறிந்தால் உரிமை திரும்பும் என்றும் சொன்னார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிள்ளை பிறகு மனம் மாறி மற்றவரிடம் போக விரும்பினால் அதுவும் ஏற்கப்படும். நிலைமை மாறினால் ஏற்பாடும் மாறும் என்பது நமக்குப் புதிய விஷயமே அல்ல.

மாற்றத்தை எப்படிக் கேட்பது என்பதற்கும் நமக்கு முன்மாதிரி உண்டு. உமர் (ரலி) அவர்கள் தாம் மணவிலக்குச் செய்த அன்சாரிப் பெண் மூலம் பிறந்த மகன் ஆஸிமை குபா பள்ளிவாசல் முற்றத்தில் விளையாடக் கண்டார்கள். தூக்கித் தம் வாகனத்தில் வைத்துக்கொண்டார்கள். பிள்ளையின் பாட்டி வந்து தடுத்தார். வழக்கு அன்றைய கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போனது. "என் மகன்" என்றார் தந்தை. "என் பிள்ளை" என்றார் பாட்டி. பிள்ளையை அந்தப் பெண்ணிடமே விட்டுவிடும்படி கலீஃபா தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. முஅத்தாவில் பதிவான செய்தி இது. உமரைப் போன்ற ஒருவரே பெற்ற மகன் விஷயத்தில் நீதிபதியின் சொல்லுக்கு அடங்கினார்கள் என்றால், நாம் எம்மாத்திரம்?

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் முஸ்லிம் பெற்றோரின் பிள்ளை வழக்குகள் முக்கியமாக 1890-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் வருகின்றன. வக்கீல்கள் "கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட்" என்று சொல்வது இதைத்தான். அதன் 17-ஆம் பிரிவு, பிள்ளைக்குரிய மதச் சட்டத்தையும் பார்க்கச் சொல்கிறது. அதோடு பிள்ளையின் நலன் எதில் இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்கிறது. பிள்ளையின் வயது, ஆணா பெண்ணா, மதம், பொறுப்புக் கேட்பவரின் குணமும் தகுதியும், உறவின் நெருக்கம் ஆகியவை கணக்கில் வரும். யோசித்துச் சொல்லும் வயது வந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்கலாம். ஆகவே "எங்கள் மத்ஹபில் ஏழு வயது, பையனுக்கு ஏழு முடிந்துவிட்டது, கொடுத்துவிடுங்கள்" என்று மட்டும் சொல்லி நின்றால் போதாது. ஏழு வயது முடிந்த அந்தப் பையனுக்கு அது எப்படி நல்லது என்று காட்ட வேண்டும்.

உத்தரவை மாற்றலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1973-லேயே பதில் சொல்லிவிட்டது. பிள்ளைப் பொறுப்பு உத்தரவுகள் தம் இயல்பிலேயே தற்காலிகமானவை. காலம் போவதாலும் சூழ்நிலை மாறுவதாலும் அவை மாற்றப்படலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

"நாங்கள் இருவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தோமே, அதையும் மாற்றலாமா?" என்று கேட்பவர்களுக்கு 2010-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் பதில் இருக்கிறது. பரஸ்பர சம்மதத்தில் பிரிந்த ஒரு தம்பதி. பிள்ளை தாயிடம், தந்தைக்குச் சந்திப்பு உரிமை என்று ஒப்பந்தம். பிறகு தாய்க்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. ஒப்பந்தத்தைத் தொடக்கூடாது என்றார் தந்தை. பிள்ளையின் நலனுக்காக அதை மாற்றலாம் என்றது உச்ச நீதிமன்றம். நீதிபதிகள் பிள்ளையிடமும் பேசினார்கள். தாயுடன் போக அனுமதி கிடைத்தது. தந்தையின் சந்திப்பு உரிமையும் கைவிடப்படவில்லை. அது இந்துத் தம்பதியின் வழக்குதான். ஆனால் பிள்ளைப் பொறுப்பு உத்தரவு இறுதியானது அல்ல என்ற அடிப்படை எல்லோருக்கும் பொது.

எதெல்லாம் காரணம் ஆகும்?

பழைய உத்தரவுக்குப் பிறகு ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும்; அந்த மாற்றம் பிள்ளையைப் பாதிப்பதாக இருக்க வேண்டும். பிள்ளையை வைத்திருப்பவர் கடுமையாக நோயுற்றது, வெளிநாடு போய்ப் பிள்ளையை வேறு யாரிடமோ விட்டுவைத்தது, பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போகாதது, அடி உதை, வீட்டில் குடிப்பழக்கம், சந்திப்பு நாட்களில் பிள்ளையைக் காட்டாமல் தொடர்ந்து மறைத்தது, பிள்ளை வளர்ந்து தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்வது ஆகியவை நீதிமன்றம் கேட்கும் காரணங்கள்.

"எனக்கு இப்போது சம்பளம் கூடிவிட்டது, சொந்த வீடு கட்டிவிட்டேன்" என்பது மட்டும் வலுவான காரணம் ஆகாது. பண வசதி ஒரு பக்கம் இருக்கிறது என்பதற்காகவே பிள்ளை அந்தப் பக்கம் போய்விடுவதில்லை. வசதி உள்ளவர் செலவைக் கூடுதலாகக் கொடுக்கலாம். அதற்குப் பிள்ளையை இடம் மாற்ற வேண்டியதில்லை.

மறுமணம் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். தாய் மறுமணம் செய்யாதவரை பிள்ளைக்கு அதிக உரிமை அவருக்கே என்று நபி (ஸல்) அவர்கள் ஒரு பெண்ணுக்குத் தீர்ப்பளித்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. அதே நேரம், ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளை வளர்க்க மூவர் போட்டியிட்டபோது, அச்சிறுமியின் தாயின் சகோதரி ஜஅஃபர் (ரலி) அவர்களின் மனைவியாக இருந்தும், அவரிடமே நபி (ஸல்) அவர்கள் ஒப்படைத்ததும் புகாரியில் இருக்கிறது. இதனால்தான் இந்த விஷயத்தில் அறிஞர்களிடையே விரிவான பேச்சு உண்டு. நம் நாட்டு நீதிமன்றங்களோ மறுமணம் நடந்தது என்பதற்காக மட்டும் பிள்ளையைப் பிடுங்குவதில்லை. அந்தப் புதிய வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்க்கின்றன. தந்தையின் மறுமணத்துக்கும் இதே அளவுகோல்தான். தாய் இறந்து, தந்தை மறுமணம் செய்து, பிள்ளைகள் தாய்வழி உறவினரிடம் வளர்ந்த ஒரு முஸ்லிம் குடும்ப வழக்கு 2010-இல் உச்ச நீதிமன்றம் வந்தது. முஸ்லிம் சட்டப்படி தந்தை பாதுகாவலர் என்பது வேறு, பிள்ளை இப்போது யார் கையில் வளர வேண்டும் என்பது வேறு என்று பிரித்துச் சொல்லி, வழக்கு முடியும்வரை பிள்ளைகளைத் தாய்வழியினரிடமே விட்டது நீதிமன்றம். ஹளானத் வேறு, விலாயத் வேறு என்று ஓதிய நமக்கு இந்தத் தீர்ப்பு அந்நியமாகத் தெரியாது.

நடைமுறை என்ன?

முதலில் பழைய உத்தரவின் சான்றிட்ட நகலை நீதிமன்றத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள். அதில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். "மாதத்தில் இரண்டு ஞாயிறு" என்று எழுதியிருப்பதை, சொல்லிச் சொல்லியே "மாதம் ஒருமுறை" ஆக்கிவிட்டவர்கள் உண்டு.

அடுத்து மனு. பொதுவாகப் பழைய உத்தரவைக் கொடுத்த குடும்பநல நீதிமன்றத்திலேயே போட வேண்டும். குடும்பநல நீதிமன்றம் இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றம். பிள்ளை இப்போது வேறு மாவட்டத்தில் வசிக்கிறது என்றால் எங்கே போடுவது என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 1890 சட்டத்தில் பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடம்தான் நீதிமன்றத்தின் எல்லையைத் தீர்மானிக்கிறது. மனுவில் அன்றைய நிலைமை, இன்றைய நிலைமை, கேட்கும் மாற்றம் ஆகிய மூன்றும் தெளிவாக வர வேண்டும். பழைய மண வாழ்க்கையின் சண்டைகளைப் பக்கம் பக்கமாக எழுதுவதால் பயன் இல்லை.

ஆதாரம் என்பது பிள்ளையின் வாழ்க்கையைக் காட்டுவது: பள்ளி வருகைப் பதிவு, மதிப்பெண் அட்டை, மருத்துவர் சீட்டு, சந்திப்புக்குப் போய்த் திரும்பிய தேதிகள், அது சம்பந்தமாக இருவரும் அனுப்பிக்கொண்ட செய்திகள். தேதிகளை ஒரு நோட்டில் எழுதிவைப்பது பிறகு நினைவிலிருந்து சொல்வதைவிட மேல்.

எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போகும். 1984-ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டம் முதலில் சமரசத்துக்கு முயலும்படி நீதிமன்றத்துக்கே கடமை விதித்திருக்கிறது. ஆகவே ஆலோசகரிடம் அனுப்புவார்கள். இதை வெறும் சடங்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல மாற்றங்கள் இங்கேயே முடிந்துவிடக் கூடியவை. விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும் என்று இரு தரப்பில் ஒருவர் விரும்பினாலும் அப்படியே நடத்த வேண்டும். குடும்ப மானம் சந்திக்கு வந்துவிடுமோ என்று தயங்கும் பெண்கள் இதை அறிந்திருப்பது நல்லது. நீதிபதி பிள்ளையிடம் தனியே பேசுவதும் உண்டு. வழக்கு முடியும்வரை காத்திருக்க முடியாத நிலை என்றால் இடைக்கால உத்தரவு கேட்கலாம். இறுதி உத்தரவில் குறை இருந்தால் 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

செலவுக்கு வழியில்லை என்று எந்தத் தாயும் பின்வாங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது. தொலைபேசியில் 15100 என்ற எண்ணை அழைத்தும் கேட்கலாம்.

கேட்பதைச் சிறிதாகக் கேளுங்கள்

மாற்றம் என்றாலே பிள்ளையை முழுவதுமாக அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் இழுப்பது என்று நினைக்க வேண்டாம். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். தந்தை சவூதியில் வேலை செய்த காலத்தில் உத்தரவு வந்தது. லீவில் வரும்போது பத்து நாள் பிள்ளை அவரிடம் இருக்கலாம் என்று எழுதப்பட்டது. இப்போது அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். பிள்ளைக்கு ஒன்பது வயது. "பிள்ளையை எனக்கே கொடுங்கள்" என்று அவர் கேட்டால், தாயோடும் பள்ளியோடும் வேர்விட்ட பிள்ளையை ஏன் பிடுங்க வேண்டும் என்ற கேள்வி வரும். "வார இறுதியில் என்னோடு இருக்கட்டும், பெருநாள் ஒன்று இங்கே ஒன்று அங்கே, முழு ஆண்டு விடுமுறையில் பாதி" என்று கேட்டால், மறுக்கக் காரணம் தேடுவது எதிர்த் தரப்புக்குக் கடினம். பிள்ளைக்கும் அதுவே தாங்கும் மாற்றம். தூரத்தில் இருக்கும் பெற்றோருக்கு வீடியோ அழைப்பு மூலம் பேசும் வாய்ப்புத் தர வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், வளைகுடாவில் இருப்பவர்கள் அதையும் கேட்டுப் பெறலாம்.

ஜமாஅத்தில் பேசி முடித்தால் போதாதா?

பேசுவது நல்லது. முதலில் பேச வேண்டிய இடமும் அதுதான். ஆனால் ஜமாஅத் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்து வாங்கிய தாள், நீதிமன்றத்தின் உத்தரவை மாற்றிவிடாது. ஃபத்வாவுக்கும் தாருல் கழாவின் முடிவுக்கும் எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் வலிமை இல்லை என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாளை ஒருவர் மாறினால் மற்றவரிடம் இருப்பது வெறும் தாள்தான். ஆகவே நிர்வாகிகள் இருவரையும் உட்காரவைத்துப் பேசி, உடன்பாடு வந்ததும், "இதை இருவரும் சேர்ந்து நீதிமன்றத்தில் மனுவாகப் போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்ப வேண்டும். அதுவே முழுமையான மஸ்லஹத்.

செய்யவே கூடாதவை

உத்தரவு நடப்பில் இருக்கும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மற்றவர் ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றம் போக வழியுண்டு. நீங்கள் பிறகு போடும் மாற்ற மனுவும் அந்த ஒரு செயலால் பலமிழக்கும்.

ஜீவனாம்சத்தையும் சந்திப்பையும் முடிச்சுப் போடாதீர்கள். "பிள்ளையைக் காட்டவில்லை, பணம் தரமாட்டேன்" என்பதும், "பணம் தரவில்லை, பிள்ளையைக் காட்டமாட்டேன்" என்பதும் இரண்டுமே தவறு. பிள்ளையின் செலவு தந்தையின் மீதுள்ள கடமை. முஸ்லிம் தந்தைக்கும் இது சட்டப்படி உண்டு என்று 1997-லேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்துள்ளது. தாயும் பிள்ளையின் பெயரால் துன்புறுத்தப்படக் கூடாது, தந்தையும் துன்புறுத்தப்படக் கூடாது என்பது அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் நமக்குக் கற்றுத்தரும் ஒழுங்கு.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துப் பேசவைக்காதீர்கள். நாள்தோறும் பிள்ளைகளின் பேச்சைக் கேட்கும் நீதிபதிகளுக்குப் பிள்ளையின் சொல் எது, பெரியவரின் சொல் எது என்று தெரியும். அதைவிட முக்கியம், பெற்றவரில் ஒருவரைக் குற்றம் சொல்லப் பழக்கப்பட்ட பிள்ளை வளர்ந்தபின் அந்தப் பாரத்தைத் தானே சுமக்கிறது.

பிள்ளை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பதினெட்டு வயதில் நீதிமன்றத்தின் உத்தரவு தானாக முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பெருநாள் தொழுகை முடிந்து யார் வீட்டுக்கு ஸலாம் சொல்லப் போகும் என்பதை எந்த நீதிபதியும் முடிவு செய்யப்போவதில்லை. இரண்டு வீட்டுக்கும் போகும் மனதோடு அதை வளர்ப்பவர்தான், மனு தள்ளுபடியானாலும், அமானிதத்தைக் காத்தவர். அல்லாஹ் நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கிவைப்பானாக.